வீட்டில் மக்ரோனி சீஸ் செய்ய எந்தச் சீஸ் வாங்கலாம்: ஆறு தடவை செய்து பார்த்தவன் எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டியது அமுல் பிராசஸ்டு சீஸ் பிளாக் ஒன்று, அதில் பாதி எடைக்கு நல்ல செடார் (பழுக்க வைத்த கெட்டியான சீஸ்) ஒரு துண்டு, ரவையில் செய்த மக்ரோனி ஒரு பாக்கெட். இது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இப்போதே கடைக்குக் கிளம்பலாம். மற்றவர்கள் உட்காருங்கள், இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஜூலை மாதம் முழுவதும், ஒன்றரைக் கிலோ சீஸும், வீட்டில் எனக்கு இருந்த கொஞ்ச நல்ல பெயரும் செலவாகிவிட்டன.

அக்கா கனடாவில் நர்ஸாக இருக்கிறாள். பள்ளி விடுமுறைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான தக்கலைக்கு வந்தாள். பையனுக்கு ஒன்பது வயது, சாப்பாட்டில் ஒரு தொல்லையும் கிடையாது. புட்டும் பயறும் சாப்பிடுவான், மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் குழம்பும் வைத்தால் தட்டை வழித்துத்தான் எழுந்திருப்பான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அந்த மஞ்சள் மக்ரோனி வேண்டும். கனடாவில் அதற்குச் செல்லப் பெயர் கேடி, கிராஃப்ட் டின்னர் என்பதன் சுருக்கம். அக்கா நாலு பெட்டி கொண்டு வந்திருந்தாள், பத்து நாளில் தீர்ந்துவிட்டது. பதினோராவது நாள் சாயங்காலம் மழையைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன், "மாமா, நீங்க செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டான். நான் யோசிக்காமல் "அதுக்கென்ன மக்களே" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெட்டியில் இருப்பது எளிய சமாச்சாரம். காய்ந்த மக்ரோனி, ஒரு சீஸ் பொடிப் பொட்டலம். வேகவைத்து வடித்து, வெண்ணெயும் பாலும் பொடியும் போட்டுக் கிளறினால் முடிந்தது. 1937-ல் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் நாலு பேர் சாப்பிட 19 சென்ட் என்று விற்க ஆரம்பித்தார்கள், பிறகு போர் வந்து ரேஷன் வந்ததும் இன்னும் பரவிவிட்டது. ஒரு காலத்தில் அந்த மஞ்சள் நிறம் செயற்கைச் சாயம்தான். அமெரிக்கப் பெட்டியில் 2016-லிருந்து அதை எடுத்துவிட்டு மிளகாய்த்தூளும் மஞ்சளும் நிறத்துக்குப் போடுகிற ஜாபரா (அனாட்டோ) விதையும் சேர்க்கிறார்கள். இதை அம்மையிடம் சொன்னேன். "பின்னே மஞ்சள் போடாம எப்படிலே மஞ்சளா இருக்கும்?" என்றாள்.

செய்வதற்கு முன்னால் வாங்கித் தப்பித்துவிடலாமா என்று பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் கஃபே ஒன்றில் மெனுவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று பேருமாகப் போனோம். பெயர் வேண்டாம். வந்த தட்டில் குழல் குழலாக பென்னே, வெள்ளைச் சாஸ், ஸ்வீட் கார்ன், குடைமிளகாய், மேலே ஓரிகானோவும் மிளகாய்ச் செதில்களும், எல்லாவற்றுக்கும் மேல் மொசரெல்லா ஒரு படலமாக ஆறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. சாஸில் இனிப்பு வேறு. பையன் ஒரு வாய் தின்றுவிட்டு மரியாதையாகக் கரண்டியைக் கீழே வைத்தான். "மாமா, இது பாஸ்தா. மேக் அண்ட் சீஸ் இல்ல." பையன் சொன்னது சரி. தட்டுக்கு 260 ரூபாய். மெனுவில் 'ஒயிட் சாஸ் பாஸ்தா' என்று போட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

சரி, வீட்டிலேயே பார்ப்போம்.

வெளிநாட்டுச் செய்முறைகள் நம் அடுக்களைக்கு வரும்போது முதலில் இடறுவது அளவில். 'இரண்டு கப் துருவிய சீஸ்' என்றால் தளர்வாகக் கொட்டிய கப், கிட்டத்தட்ட 225 கிராம். நான் எவர்சில்வர் டம்ளரில் விரலால் அமுக்கி அமுக்கி அளந்தேன். அடுத்தது ஓவனில் 350 டிகிரி என்பது. அது ஃபாரன்ஹீட், நம்முடைய கணக்கில் 175, 180 செல்சியஸ். என்னுடைய ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில் அதிகபட்சமே 250 என்பதால் 250-லேயே வைத்தேன், மேல் பக்கம் கரிந்தது. இதெல்லாம் என் அவசரம், செய்முறை எழுதியவர் மேல் குற்றமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் அவர்கள் கேட்கிற சீஸ். 'எக்ஸ்ட்ரா ஷார்ப் செடார்', 'க்ரூயேர்' என்று எழுதியிருக்கும். தக்கலைக் கடையில் கேட்டால் கியூப் வேண்டுமா ஸ்லைஸ் வேண்டுமா என்று திருப்பிக் கேட்பார்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஏறி இறங்கியதில் மொசரெல்லா கிடைத்தது. பீட்சாவுக்குப் போடுகிற சீஸ்தானே, இதற்கும் ஆகாதா என்று முதல் தடவை அதைத்தான் போட்டேன். ஆகாது. மொசரெல்லா உருகினால் நூல் நூலாக இழுபடும், பாலோடு கலந்து சாஸ் ஆகாது. சட்டிக்குள் கரண்டியைச் சுற்றி வெள்ளையாக ஒரு பந்து, அதைச் சுற்றிப் பால், பாலில் மக்ரோனி. கரண்டியைத் தூக்கினால் பந்தும் கூடவே வந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தோசை மாவை எடுத்து வெளியே வைத்தாள்.

இரண்டாவது தடவை கெட்டது மக்ரோனியால். இது நிறையப் பேருக்கு நடக்கும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மக்ரோனி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, திங்கள்சந்தையில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிற மக்ரோனியில் அரைக் கிலோ வாங்கினேன். வேகவைக்கும்போதே தண்ணீர் கஞ்சியாகிவிட்டது, எட்டு நிமிடத்தில் வெளிப்பக்கம் கொழகொழ, உள்ளே இன்னும் மாவு. சாஸில் போட்டுக் கிளறியதும் பாதிக்கு மேல் உடைந்துபோனது. மைதாவில் செய்தது அப்படித்தான். வளைந்த குழலாக நிமிர்ந்து நிற்பது டியூரம் கோதுமை ரவையில் செய்த மக்ரோனி. அந்தக் கோதுமை ரொம்பக் கெட்டி, அதன் புரதம் மாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டின் பின்னால் சேர்மானம் என்கிற இடத்தில் டியூரம் வீட் செமோலினா என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எந்தப் பிராண்டு என்பது அப்புறம். கண்ணாலும் ஓரளவு தெரியும். ரவை மக்ரோனி லேசான மஞ்சளாகக் கண்ணாடி போல இருக்கும், மைதா மக்ரோனி சுண்ணாம்பு வெள்ளை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-களில் அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, மரச்சீனி மாவும் கோதுமையும் நிலக்கடலை மாவும் கலந்து மக்ரோனி செய்து பார்த்தது. மரச்சீனி மக்ரோனி என்றே பெயர். அந்தப் பாக்கெட் இன்றைக்குக் கிடைத்தால் நம் மாவட்டத்தில் நன்றாகவே விற்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் அந்த நினைப்பில் நான் சாஸுக்கு மைதாவுக்குப் பதில் மரச்சீனி மாவைப் போட்டேன். போஸ்டர் ஒட்டுகிற பசை வந்தது. நீங்கள் போடாதீர்கள்.

மூன்றாவது தடவை ஒரு வழியாகச் செடார் கிடைத்தது. கிறிஸ்துமஸ் கேக் சாமான் எல்லாம் விற்கிற கடை ஒன்றில், ஃப்ரீசரின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வெளிநாட்டுச் சரக்கு, 200 கிராம், விலையைச் சொன்னால் அம்மை படிக்கக்கூடும் என்பதால் விட்டுவிடுகிறேன். வாங்கும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், சீஸ் ஃப்ரீசரில் இருக்கக் கூடாது. உறைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாகிக் கட்டமைப்பைக் கிழித்துவிடும், துருவினால் நூல் வராது, உதிரும். வீட்டுக்கு வந்து துருவினேன், ரஸ்க் பொடி மாதிரி உதிர்ந்தது. இருந்தாலும் முழு நம்பிக்கையோடு வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலை ஊற்றிக் கட்டி இல்லாமல் காய்ச்சி, அது தளதள என்று கொதிக்கும்போது சீஸை மொத்தமாகக் கொட்டினேன்.

அரை நிமிடம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஓரத்தில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று வந்தது, பொட்டு வளையமாயிற்று, வளையம் எல்லாம் சேர்ந்து மேலே மஞ்சளாக மிதக்க, கீழே மணல் மணலாகத் திரிதிரியாக ஒன்று படிந்தது. கரண்டியால் எவ்வளவு அடித்தும் சேரவில்லை. நாக்கில் வைத்தால் ருசி பிரமாதம், ஆனால் வாயில் திரிந்த பால். பையன் பார்த்துவிட்டு, "மாமா, பரவாயில்ல" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை பெரிய மனிதன் மாதிரி பரவாயில்லை சொன்னதும் எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

ஏன் பிரிகிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சீஸில் பால் புரதம் ஒரு வலை மாதிரி இருக்கிறது, அந்த வலையை முடிச்சுப் போட்டு இறுக்குவது கால்சியம், வலைக் கண்ணுக்குள் கொழுப்பும் தண்ணீரும். சூடு அதிகமானால் வலை சுருங்கும், கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ரொம்ப நாள் பழுத்த செடார் இந்த விஷயத்தில் இன்னும் மோசம், ருசி கூடக்கூடப் பிரிகிற குணமும் கூடும். மைதா ஓரளவு காப்பாற்றும், அடுப்பை அணைத்துவிட்டுச் சீஸைப் போட்டால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் முழுசாகக் காப்பாற்றுவது சோடியம் சிட்ரேட் என்கிற உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், முடிச்சு அவிழும், புரதம் இளகிக் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும்.

இந்த உப்பை வீட்டிலேயே செய்யலாம் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச்சோடா போட்டால் பொங்கும், பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் கரைந்த தண்ணீர்தான். கணக்கு சரி. கை சரியில்லை. சாறு கொஞ்சம் அதிகமாகி நாலாவது தடவை பால் திரிந்தது. "எதுக்குடே இந்த வேண்டாத வேலை, நல்ல பாலைப் போய் திரிச்சுக்கிட்டு" என்று அம்மை அந்தப் பாலை வடிகட்டிச் சர்க்கரை போட்டு எடுத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரிதான் ஃபிரிட்ஜில் கிடந்த அமுல் கியூபின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நான் எலுமிச்சம்பழத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த அதே சோடியம் சிட்ரேட் அங்கே சேர்மானத்தில் எழுதியிருந்தது. சில பிராண்டுகளில் பெயருக்குப் பதில் எமல்சிஃபையர் 331 என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பிராசஸ்டு சீஸ் என்பதே அதுதானே. 1911-ல் ஸ்விட்சர்லாந்தில் தூன் என்கிற ஊரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் வெயில் நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்று சிட்ரேட் சேர்த்து உருக்கிச் செய்த சாமான். 1916-ல் இன்னொரு முறையில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஜேம்ஸ் கிராஃப்ட், அமெரிக்காவில் கடை வைத்தவர், பிறந்தது கனடாவில் ஒன்டாரியோ. என் மருமகன் தேடுகிற பெட்டியின் பெயரே அவர் பெயர்தான்.

வெளிநாட்டுச் சமையல்காரர்கள் பிராசஸ்டு சீஸ் என்றால் மூக்கைச் சுளிப்பார்கள், 'உண்மையான' சீஸ் போடு என்பார்கள். அவர்களுக்குத் தெருக்கோடியில் நல்ல செடார் கிடைக்கிறது, சொல்லலாம். நமக்கு மளிகைக் கடை ஃபிரிட்ஜிலேயே கிடைப்பது எதுவோ அதுதான் இந்தச் சாஸுக்கு அடித்தளம்.

அப்படியானால் முழுக்க அதையே போட்டால் என்ன? போட்டேன், ஐந்தாவது தடவை. சாஸ் பட்டு மாதிரி வந்தது, அரை மணி நேரம் கழித்தும் பிரியவில்லை, மறுநாள் சூடாக்கியும் பிரியவில்லை. ருசிதான் ஒரே தளத்தில் நிற்கிறது. உப்பு முன்னால் வரும், பால் ருசி வரும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது. பையன் ஒரு கிண்ணம் சாப்பிட்டான், இன்னொன்று கேட்கவில்லை. கியூபாக வாங்கினால் ஒவ்வொன்றாகத் தாள் பிரித்துத் துருவி விரல் நுனியெல்லாம் போகும். பிளாக் வாங்குங்கள், எடைக்கு எடை விலையும் குறைவு. ஸ்லைஸ் மட்டும் இதற்கு வேண்டாம், ருசி இன்னும் மெலிவு.

அந்தச் சமயத்தில் மனைவியின் தம்பி கொடைக்கானல் போய்விட்டு வந்தான். கொடை சீஸ் கம்பெனியின் செடார் ஒரு துண்டு வாங்கி வரச் சொல்லியிருந்தேன், கொளச்சலில் மீன்காரர் கொடுத்த தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டுப் பத்திரமாகக் கொண்டு வந்தான். பெட்டியில் சாளை வாசம் லேசாக இருந்தது, சீஸில் ஏறவில்லை. இந்தச் செடார் எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பக் கூர்மையான புளிப்பு இல்லை, ஆனால் விழுங்கியபின் நாக்கின் பின்பக்கம் ஒரு கடலை வறுத்த மாதிரி ருசி தங்குகிறது. உறையாமல் வந்ததால் நூலாகத் துருவ முடிந்தது. இது கிடைக்கவில்லை என்றால் நாகர்கோவில் பெரிய கடைகளில் இந்தியச் செடார் துண்டு வருகிறது, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஃப்ரீசர் சரக்கு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆறாவது தடவை செய்தது இதுதான். நாலு பேருக்கு வரும்.

ஆவின் பச்சைப் பாக்கெட் அரை லிட்டர். அதில் 4.5 சதவீதம் கொழுப்பு, நீலப் பாக்கெட்டில் 3 தான், அது கொஞ்சம் தண்ணீராகப் போகும். பாலில் பாதி வெங்காயம் ஒன்றை, இரண்டு கிராம்பு குத்திப் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இது பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளைச் சாஸுக்குச் செய்கிற பழைய வேலை. நம்மிடம் இருக்கிற கிராம்புக்கு இது பொருத்தமோ பொருத்தம். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், மாறாமலை, கரும்பாறை, வேளிமலைப் பக்கம் விளைவது, கடையில் வாங்குகிற வெளியூர்க் கிராம்பைவிட எண்ணெய் தூக்கலாக இருக்கும். அதனால் இரண்டுக்கு மேல் போடக் கூடாது. நான் முதலில் ஊர்ப்பெருமையில் ஐந்து குத்தினேன், பால் முழுக்கப் பல் டாக்டர் அறை வாசம்.

பால் ஒரு பக்கம் இருக்கட்டும். 200 கிராம் மக்ரோனிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, நன்றாகக் கொதித்தபின் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே வடித்துவிட வேண்டும், சாஸில் மீதி வேகும். வடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். அப்புறம் முக்கியமானது, பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. அடைப் பிரதமன் என்கிற பாயசத்துக்கு அரிசி அடையை வேகவைத்தால் பச்சைத் தண்ணீரில் அலசித்தான் எடுப்பார்கள், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. அம்மை அதே கையோடு நான் திரும்புவதற்குள் மக்ரோனியைக் குழாயடியில் காட்டிவிட்டாள். மேலே இருந்த மாவெல்லாம் போய், சாஸ் ஒட்டாமல் வழுக்கி வழுக்கி ஓடியது. அது ஐந்தாவது தடவை. ஆறாவது தடவை நான் வடிதட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெண்ணெய் 30 கிராம், மைதா இரண்டு மேசைக்கரண்டி, சிறு தீயில் இரண்டு நிமிடம். நிறம் மாறக் கூடாது, பச்சை மாவு வாசம் போனால் போதும். வெங்காயத்தை எடுத்துவிட்டுப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, கரண்டியின் முதுகில் படிகிற பதம் வந்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்து ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு துருவிய பிராசஸ்டு சீஸ் 130 கிராம், அது கரைந்தபின் செடார் 70 கிராம், இந்த வரிசையில். பிராசஸ்டு சீஸில் இருக்கிற சிட்ரேட் செடாரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் அதை முதலில் போடுவது. கால் டீஸ்பூன் கடுகை அம்மியில் நுணுக்கிப் போடுங்கள், தனியாகத் தெரியாது, சீஸின் ருசியைத் தூக்கிக் காட்டும். மிளகுத்தூள் கொஞ்சம். உப்பு போடவே வேண்டாம், உப்பு சேர்த்த கடை வெண்ணெயிலும் சீஸிலும் இருப்பதே தாராளம்.

கடைசியில் ஜாதிக்காய். குலசேகரத்தில் மனைவி வீட்டில் இரண்டு மரம் நிற்கிறது, தோட்டில் ஊறுகாய் போடுவார்கள், ஜாதிபத்திரியைக் காயவைத்து விற்பார்கள், கொட்டை டப்பாவில் கிடக்கும். ஓட்டை உடைத்துப் பருப்பை இஞ்சி துருவியில் இரண்டே இழுப்பு இழுத்தால் போதும். வீடு முழுக்க மணக்கும். கடைப் பொடியைவிட இது எவ்வளவோ மேல், அந்த டப்பாப் பொடியில் மரத்தூள் வாசம்தான் எனக்கு வருகிறது.

இப்போது அம்மை சொல்லித் தந்த பாடம், எந்தச் செய்முறையிலும் இவ்வளவு தெளிவாக நான் படிக்காதது. மக்ரோனியைச் சாஸில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன், பார்க்க அருமையாகக் கெட்டியாக இருந்தது, இதுதான் பதம் என்று நினைத்தேன். அம்மை எட்டிப் பார்த்தாள். "உப்புப் போட்ட பாலடை மாதிரில்லா இருக்கு. லேய், பிரதமன இறக்கும்போ தண்ணியாத்தான் இருக்கணும். ஆறினா அது தானே கட்டியாவும். இப்பவே கட்டியா இருந்தா இலையில வெட்டித்தான் திங்கணும்." எடுத்து வைத்திருந்த மக்ரோனித் தண்ணீரில் முக்கால் டம்ளர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினதும் ரசம் மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்குப் பயம். தட்டில் போட்டு, பையனைக் கூப்பிட்டு, அவன் கை கழுவி வந்து உட்காருவதற்குள் சாஸ் மக்ரோனியின் குழலுக்குள் எல்லாம் புகுந்து, வெளியே பளபளவென்று ஒட்டிக்கொண்டு, சரியாக வந்துவிட்டது. முதல் ஐந்து தடவையும் மற்றதெல்லாம் சரியாக இருந்திருந்தால்கூட, இந்த ஒன்றில் கோட்டை விட்டிருப்பேன்.

பையன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். மூன்றாவதுக்கு வந்தபோது அக்கா தடுத்தாள். "கேடி மாதிரியே இருக்கா மக்களே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல மாமா, இதுல வேற ஏதோ இருக்கு" என்றான். ஜாதிக்காயா கிராம்பா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மை ஒரு வாய் வைத்துவிட்டு "கொள்ளாம்" என்றாள், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம், இரண்டாவது வாய்க்கு நாரத்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன், தப்பில்லை, இவ்வளவு வெண்ணெய்க்கு அந்தப் புளிப்பு வேண்டித்தான் இருக்கிறது.

செலவு, மொத்தமாகக் கணக்குப் போட்டால் நாலு பேருக்கு 250 ரூபாய் சுமார் வருகிறது, அதில் பெரிய பங்கு செடாருக்கு. அந்தக் கஃபேயில் ஒரு தட்டின் விலை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் செடாரைப் பாதியாகக் குறைத்துக் கடுகைக் கொஞ்சம் கூட்டலாம், பெரிதாக வித்தியாசம் தெரியாது. செடாரே இல்லாமல் செய்வதாக இருந்தால் நான் செய்ய மாட்டேன்.

ஓடிஜியில் வைத்து மேல் பக்கம் மொறுமொறுவென்று எடுப்பதையும் ஒரு நாள் செய்தேன். ரஸ்க்கை நொறுக்கி வெண்ணெயில் புரட்டி மேலே தூவி, 180-ல் பதினைந்து நிமிடம். விருந்தாளிகளுக்கு வைக்க அழகாக இருக்கும், ஆனால் சாஸ் உள்ளே இழுத்துக்கொண்டு வறண்டுவிடுகிறது, அப்படிச் செய்வதானால் பால் இன்னும் கால் டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பத்தாவது நிமிடம் கரன்ட் போனது. மழைக்காலத்தில் அடுப்பில் செய்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மிஞ்சியதை மறுநாள் சூடாக்கும்போது ஒரு கரண்டி பால் விட்டுச் சிறு தீயில் கிளறினால் திரும்பப் பழைய பதத்துக்கு வரும். பிளாக்கைப் பிரித்தபின் பட்டர் பேப்பரில் சுற்றி மூடியுள்ள டப்பாவில், ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல. ஈரக் கையால் தொட்டால் நம்மூர் ஆடி மாத ஈரத்துக்கு இரண்டே வாரத்தில் பச்சைப் பூஞ்சை வந்துவிடும், எனக்கு வந்தது.

அக்காவும் பையனும் ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போனார்கள். பெட்டியில் இரண்டு ஜாதிக்காயும் ஒரு பொட்டலம் கிராம்பும் போயிருக்கிறது. போன வாரம் போனில் பேசும்போது கிராம்பு எத்தனை என்று கேட்டாள், இரண்டு என்று சொல்லியிருக்கிறேன். இங்கே ஃபிரிட்ஜில் பிளாக் கால் கிலோ மிச்சம் இருந்தது. அதை அம்மை தோசைக்கு மேல் துருவிப் போட்டு ஒவ்வொரு நாளாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள், ஊறுகாயோடுதான்.